சாய்ந்த மணிக்கூண்டும் சாயாத மணிக்கூண்டும்

பினாங்குக் கோட்டையருகே நிற்கும் மணிக்கூண்டை அறியாத அன்பர் இலர். விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்க, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்னும் செல்வர் வழங்கிய இது, 1902இல் நிறைவுற்றது. இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் நிலம் அதிர, கூண்டு சற்றே சாய்ந்தது என்பர். இன்றும் அப்படியே நிற்கிறது.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டுக்கு 1990களில் வேறுவகை ஆபத்து வந்தது. ஜூபிலி சுரங்க இரயில் பாதையின் நிலையத்துக்காக, 34 மீட்டர் தொலைவில் 39 மீட்டர் ஆழம் தோண்டினர். மண்ணை அகழ்ந்தால் சுற்றியுள்ள மண் அவ்வெற்றிடத்தை நோக்கி நகரும். மேலுள்ள கட்டடம் ஒருபுறம் இறங்கும். ஆகவே பொறியாளர்கள் கூண்டின் அடித்தளத்துக்குக் கீழே நீண்ட குழாய்களை முன்னதாகவே செலுத்தி வைத்தனர். சாய்வை இடைவிடாது அளந்து, வரம்பை நெருங்கும் போதெல்லாம் சிமெந்துக் குழம்பைச் சிறிது சிறிதாக உட்செலுத்தினர். கூண்டு பிழைத்தது, நிலையம் 1999இல் திறக்கப்பட்டது.

வியப்புக்குரியது குழம்பன்று, அந்த அளவீடே. தோண்டுமுன் சுவர்களின் விரிசல்களைப் பதிவு செய்யாவிடில், பழையது எது, புதியது எது என்ற வழக்கு தீராது. குவீன் வீதியில் 1833இல் எழுந்த அருள்மிகு மகா மாரியம்மன் திருக்கோயிலின் அருகே யார் அடித்தளம் தோண்டினாலும், நிர்வாகத்தினர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.