மகிழுந்துப் புகைபோக்கி மரையாணிகள்

மகிழுந்துப் புகைபோக்கி மரையாணிகள் என்பவை, எஞ்சினிலிருந்து எரிவளிமங்களை வெளியேற்றும் குழாய், வினையூக்கி மாற்றி, சைலன்சர் ஆகியவற்றை ஒன்றோடொன்றும் வண்டியின் அடிப்பாகத்தோடும் பிணைக்கும் போல்ட், நட்டு, ஸ்டட் முதலியன ஆகும். வெப்பம், ஈரம், அதிர்வு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்குவதால் இவை விரைவில் அரிமானத்துக்கு (துருப்பிடித்தலுக்கு) உள்ளாகின்றன. இணைப்பு தளர்ந்தால் ஓசை மிகுவதோடு, நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடு பயணிகள் அறைக்குள் புகும் இடரும் உண்டு.

தென்சென்னைச் சூழல்

நீலாங்கரை முதல் கோவளம் வரையான கரையோரத்தில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு அரிமானத்தை விரைவுபடுத்துகிறது. உள்ளே தள்ளியுள்ள தாம்பரம், குரோம்பேட்டை பகுதிகளில் உப்பு குறைவு, ஈரம் குறைவன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் முடிச்சூர் போன்ற இடங்களில் தெருக்களே நீரில் மூழ்கின.

ஈரம் உள்ளிருந்தும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. வீட்டிலிருந்து தொடர்வண்டி நிலையம் வரை மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் போதிய அளவு சூடேறாததால் இந்நீர் ஆவியாகாமல் தேங்குகிறது. குறைவாக ஓடிய வண்டியின் சைலன்சர் முதலில் துருப்பிடிப்பது இதனாலேயே.

பொருள் தேர்வு

தொகுதி முழுமைக்கும் ஒரே வகை மரையாணி பொருந்தாது. எஞ்சினை ஒட்டிய பன்வாய்க் குழாயில் (மேனிஃபோல்டு) வளிமத்தின் வெப்பநிலை 700 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். பின்புறம் செல்லச்செல்ல அது பெரிதும் குறைகிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகள் முன்புறத்துக்கு உதவா. துத்தநாகத்தின் உருகுநிலையே ஏறத்தாழ 420 பாகைதான். சைலன்சரைத் தொங்கவிடும் தாங்கிகளுக்கு அவை போதும்.

துருப்பிடிக்கா எஃகே எல்லாவற்றுக்கும் தீர்வு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதியே சரி. நடுக்குழாய், பின்குழாய் இணைப்புகளுக்கு ஏ2 வகை ஏற்றது. கரையோர வண்டிகளுக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த ஏ4 மேலானது. ஆனால் இவ்வகை எஃகு சூட்டில் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவதால் இறுக்கம் தளரக்கூடும். அன்றியும், துருப்பிடிக்கா போல்ட்டில் அதே வகை நட்டை உலர்வாக முடுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விப் பற்றிக்கொள்ளும். அதிக வெப்பம் தாங்கும் நிக்கல் பசையை மரையில் தடவுவது இதைத் தடுக்கும். பன்வாய்க் குழாயின் ஸ்டட்டுகளுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்பந்தாங்கும் எஃகையே பயன்படுத்த வேண்டும். அவற்றுடன் செப்பு முலாம் பூசிய நட்டுகள் பல வண்டிகளில் பயன்படுகின்றன. பின்னாளில் கழற்றும்போது ஸ்டட் முறியும் வாய்ப்பு இவற்றால் குறைகிறது.

துருப்பிடிக்கா எஃகுக் குழாயில் சாதாரண எஃகு போல்ட்டைப் பூட்டுவது பெருந்தவறு. இரு உலோகங்களும் ஈரத்தில் மின்கலம்போல் செயற்பட, சிறிய போல்ட்டே அரிக்கப்படும். மாறாக, சாதாரண எஃகுக் குழாயில் துருப்பிடிக்கா போல்ட் இருப்பதால் பெருங்கேடு இல்லை.

இனங்காணல்

காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கா எஃகு அன்று எனக் கொள்வது தவறு. குளிர்நிலையில் வடிக்கப்பட்ட ஏ2 போல்ட்டும் சற்றே ஈர்க்கப்படும். புகைபோக்கிக் குழாய்களில் பெரிதும் பயன்படும் 409 வகை எஃகு நன்றாகவே ஒட்டும். போல்ட்டின் தலையில் ஏ2-70, ஏ4-80 எனப் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குவதே முறை.