குன்னூரில் அளந்த புரதம்

குன்னூரைத் தேயிலைக்காகவும் சிம்ஸ் பூங்காவுக்காகவும் அறிந்தவர் பலர். உணவு ஆராய்ச்சியின் வரலாற்றில் அவ்வூருக்கு உள்ள இடத்தை அறிந்தவர் சிலரே. வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்வதற்காக அங்கே 1907-இல் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. 1918-இல் அந்நிலையத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ வைத்தியர் பெரிபெரி நோயை ஆராயலானார். சிக்கனம் கருதி அரசாங்கம் 1923-இல் அதனை நிறுத்தியது. இரண்டாண்டு கழித்து மீண்டும் உயிர்பெற்ற அம்முயற்சியே பின்னர் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது.

மக்காரிசனின் சோதனைகளுள் ஒன்று நம்மவரை நேரே தொடுவது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை, ஒரே வயதுள்ள எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, கீரை ஆகிய சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசிச் சோறும் சிறிது பருப்பும் காயுமாகிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவையோ 155 கிராமோடு நின்றன. எல்லாம் ஒரே இனத்து எலிகள்; மாறியது உணவு மட்டுமே. ஏழையின் தட்டை ஒரு மாகாணத்தின் தட்டாகப் பெயரிட்டது அக்காலத்து வழக்கம். அவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. எனினும் எலியின் எடை பொய் சொல்லவில்லை.

அந்தச் சோற்றில் குறைந்தது எது? வைட்டமின்கள் குறைந்தன, பாலும் குறைந்தது. புரதமோ? அதை அளக்க ஒரு வழி முன்னரே இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை அது. உணவைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தால், அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனிய உப்பாக மாறும். பிறகு காரம் சேர்த்து, வெளிவரும் அம்மோனியாவை அளக்கலாம். புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம் ஆதலின், கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வரும். மக்காரிசனுக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டு 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணையில், 100 கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 7 கிராம், துவரம் பருப்புக்கு 22 கிராம் என்றவாறு எண்களைக் காணலாம்.

ஆனால் கெல்டால் முறை எண்ணுவது நைட்ரஜனை, புரதத்தை அன்று. இக்குறையைச் சீன வணிகர் சிலர் நன்கு உணர்ந்திருந்தனர். நீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்னும் பொருளைச் சேர்த்துச் சோதனையை ஏமாற்றினர். 2008-இல் அது வெளிப்பட்டபோது பல்லாயிரம் குழந்தைகள் நோயுற்றிருந்தனர்.

நேர்மையான உணவிலும் மற்றொரு சிக்கல் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. மொத்த எண் இதனைக் காட்டாது. ஆகவே குன்னூரில் எம். சுவாமிநாதன் (நெல் விஞ்ஞானியான எம். எஸ். சுவாமிநாதன் வேறொருவர்) 1930-களின் பிற்பகுதியில் மீண்டும் எலியையே நாடினார். உண்ட நைட்ரஜனையும் கழிவில் சென்ற நைட்ரஜனையும் அளந்து, உடலில் தங்கியது எவ்வளவு எனக் கணக்கிட்டால், எந்தப் புரதம் எவ்வளவு பயன்பட்டது என்பது விளங்கும். 1958-இல் அக்கூடம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது.

எலியின் உடலுக்குள் சென்ற புரதம் என்ன ஆயிற்று? அது அமினோ அமிலங்களாகச் சிதைந்து, உயிரணுக்களில் ஆயிரக்கணக்கான வேறு புரதங்களாக மறுபடி கட்டப்படுகிறது. அவற்றைத் தனித்தனியே அளக்க எலியாலும் முடியாது, அமிலத்தாலும் முடியாது. இன்று அதற்கு உதவுவது 'மைக்ரோ அரே' என்னும் கண்ணாடித் தகடு. ஒவ்வொரு புரதத்தையும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மீது நுண்புள்ளிகளாக இட்டு, உயிரணுக்களின் சாற்றை ஒளிரும் சாயமிட்டு ஊற்றுவர். தனக்குரிய புரதத்தை எதிர்ப்பொருள் பிடித்த புள்ளி ஒளிரும். ஒளி மிகுந்தால் புரதமும் மிகுதி. புரதங்களையே தகட்டில் அச்சிடும் முறையை அமெரிக்காவில் மக்பீத்தும் ஷ்ரைபரும் 2000-இல் விளக்கினர்; மறு ஆண்டே, ஈஸ்ட்டின் சுமார் 5,800 புரதங்கள் ஒரே தகட்டில் ஏறின.

இத்தகடும் ஏமாறக்கூடியதே. ஓர் எதிர்ப்பொருள் தனக்குரியதல்லாத புரதத்தையும் பிடித்துக்கொண்டால், புள்ளி வீணே ஒளிரும். ஆகவே ஒவ்வொன்றையும் முன்பே தெரிந்த புரதங்களோடு சேர்த்துச் சோதித்த பின்னரே தகட்டில் ஏற்றுகின்றனர்.