நாயிடமிருந்து போய் நாய்க்கே திரும்பி வந்த ஒரு ரத்தப் பரிசோதனை

போன மாசம் எங்கள் வீட்டுப் பாமரேனியன் ஜிம்மிக்கு ராத்திரி முழுக்க இருமல். வயது 12. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதயத்துல முணுமுணுப்பு கேக்குது. ஆனா இருமல் அதனாலதானா, நுரையீரல், மூச்சுக்குழாய் பிரச்சினையான்னு இதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது" என்றார். என்டி-ப்ரோபிஎன்பி என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பெயரே வாயில் நுழையவில்லை. வழக்கம்போல அதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

கதை 1956-ல் தொடங்குகிறது, அதுவும் நாய்களிடம். ஹென்றி, பியர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மயக்க மருந்து கொடுத்த நாய்களின் இதயத்து இடது மேலறையைச் சின்ன பலூனால் விரித்தார்கள். சிறுநீர் அதிகமானது. இதயம் விரிந்தால் சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்பு வழியாக என்று விளக்கம் சொன்னார்கள். அதே வருடம் புரூனோ கிஷ், கினிப்பன்றியின் மேலறைச் செல்களுக்குள் நுண்ணிய மணிகளைப் பார்த்தார். ஹார்மோன் சுரக்கும் செல்களில் இருப்பது போன்ற மணிகள் இதயத்தில் எதற்கு?

இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைக்க 25 வருடம் ஆனது. 1981-ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் குழு, எலியின் மேலறைச் சாற்றை இன்னொரு எலிக்குள் செலுத்தியது. சிறுநீர் 10 மடங்கு, அதில் போகும் உப்பு 30 மடங்குக்கு மேல்! இதயம் வெறும் பம்ப் இல்லை, ஹார்மோன் சுரப்பியும்கூட என்று தெரிந்தது.

1988-ல் ஜப்பானில் இதன் உறவுக்கார ஹார்மோன் ஒன்றைப் பன்றியின் மூளையில் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் பிஎன்பி-யில் உள்ள 'பி' மூளையைக் குறிக்கிறது. அதை அதிகம் சுரப்பது இதயம்தான் என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இது உருவாகும்போது துண்டாகிப் பிரியும் மிச்சம்தான் என்டி-ப்ரோபிஎன்பி. ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அளக்க வசதி.

2002-ல் மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைக்கு வந்த 1,586 மனிதர்களிடம் பிஎன்பி-யைச் சோதித்தார்கள். இதயமா நுரையீரலா என்று பிரிக்க அது உதவியது. ஆனால் மனிதர்களுக்கான கிட்டை அப்படியே நாய்க்குப் போட முடியாது. இந்தப் புரதத்தின் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் மாறுகிறது. நாய்க்குத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

2009-ல் வெளியான ஓயாமா குழுவின் ஆய்வு, சுவாசக் கோளாறுள்ள நாய்களுக்கு லிட்டருக்கு 1,158 பிகோமோல் என்று ஒரு கோடு போட்டது. அதற்கு மேலே போனால் இதயச் செயலிழப்பாக இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: அதே ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள நாய்களில் நூற்றுக்கு சுமார் 85-ஐத்தான் அது பிடித்தது. நுரையீரல், மூச்சுக்குழாய் நோய் மட்டும் உள்ளவற்றில் நூற்றுக்கு சுமார் 19-ஐத் தப்பாக 'இதயம்' என்றது. சிறுநீரகம் மந்தமானாலும் எண் ஏறும். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடினாலும் ஏறும்.

ஜிம்மிக்கு 1,300-ஐ ஒட்டி வந்தது. "கோட்டைத் தாண்டிடுச்சே, நீர் பிரியற மாத்திரை ஆரம்பிச்சுடலாமா டாக்டர்?" என்றேன். கோடிங்கில் if-else எழுதியே பழகிய புத்தி. அவர் அவசரப்படவில்லை. கிரியாட்டினின் பார்த்தார்: அதிகம். எக்ஸ்ரே, எக்கோ எடுத்தார்: வால்வில் லேசான கசிவு, ஆனால் மேலறை பெருக்கவில்லை. இருமலுக்குக் காரணம் தொய்ந்துபோன மூச்சுக்குழாய். நான் கேட்ட மாத்திரையைக் கொடுத்திருந்தால், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் இன்னும் அடிவாங்கியிருக்கும்.

இதயம் சிறுநீரகத்துக்குச் சொல்லும் ரகசியச் சேதியைத்தான் இந்தப் பரிசோதனை ஒட்டுக்கேட்கிறது. கேட்டது பொய்யில்லை. ஆனால் சேதி ஏன் கிளம்பியது என்பதை வேறு இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஜிம்மி இப்போது கழுத்துப் பட்டையை விட்டு மார்புப் பட்டைக்கு மாறிவிட்டான். ராத்திரி ஓரளவு தூங்குகிறான். நாங்களும்தான்.