முன்னோடிகள் என்போர் யாவர்? வாழும் வரலாற்று நூதனசாலையும் அம்பாறைக் கரையும்

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பேழையும், அதனுள் வைக்கப்பட்ட பொருளும், அருகே ஒட்டப்பட்ட பெயர்த்துண்டுமே எமது நினைவுக்கு வருவன. இம்மரபினின்றும் வேறுபட்ட முறையொன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பல பாகங்களில் வளர்ந்து வந்துள்ளது. ஒரு காலத்து மக்கள் வாழ்ந்த வீட்டை எழுப்பி, அவர்கள் செய்த தொழிலை உயிருள்ள மனிதர் செய்துகாட்ட, பார்வையாளர் அவற்றினூடே நடந்து சென்று அறிவதே அம்முறையாகும். இதனை 'வாழும் வரலாற்று நூதனசாலை' எனலாம். வட அமெரிக்காவில் இவற்றுட் பல, காடு வெட்டிக் குடியேறிய முன்னோடிகளின் வாழ்க்கையைக் காட்டும் பொருட்டே நிறுவப்பட்டன.

கோமாரி தொடக்கம் கல்முனை வரையான அம்பாறைக் கரையில் இத்தகைய நூதனசாலையொன்றை நடத்துவதாயின் அது யாருடைய வாழ்க்கையைக் காட்டும், அதனை யார் நடத்துவர் என்னும் இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. 'முதலில் வந்தோர் நாமே' என்பது இக்கரையில் வரலாறு பற்றிய கூற்றாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது காணியுரிமை பற்றிய கூற்றாகவும் ஒலிக்கின்றது. ஆகவே முன்னோடி என்ற சொல்லை ஒரு நூதனசாலையின் வாயிலில் எழுதுவதற்கு முன்னர் அச்சொல் பிற நாடுகளிலும் எமது நாட்டிலும் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும்.

பிறநாட்டு அனுபவம்

இம்முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது சுவீடன் நாட்டின் ஸ்கான்சன் ஆகும். ஆர்தூர் ஹசேலியஸ் என்பார் 1891இல் ஸ்டொக்ஹோம் நகரில் இதனைத் திறந்து வைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உழவர் வீடுகள் பிரித்தெடுத்து வரப்பட்டு மீள நிறுவப்பட்டன. கைத்தொழில் வளர்ச்சி கிராமிய வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. உழவனின் வீடு கண்காட்சிக்கு வந்த அதே காலத்தில், நிலமற்ற உழவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது. அழிந்துகொண்டிருக்கும் வாழ்க்கையைக் காக்கும் ஆர்வமும், அதன் அழிவுக்கான காரணத்தைப் பேசாது விடும் போக்கும் இவ்வியக்கத்துடன் உடன்பிறந்தவையாகவே காணப்படுகின்றன.

இரண்டாவது போக்கின் விளைவை ஐக்கிய அமெரிக்காவின் வில்லியம்ஸ்பேர்க்கில் தெளிவாகக் காணலாம். வேர்ஜீனியாவின் பழைய தலைநகரான இந்நகரை மீளமைக்கும் பணி ஜோன் டி. ரொக்பெல்லரின் மைந்தரான இளைய ரொக்பெல்லரின் நிதியுதவியுடன் 1926இல் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகர மக்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களாவர். ஆயினும் மீளமைக்கப்பட்ட நகரில் பல தசாப்தங்களாகக் கனவான்களின் மாளிகைகளும் தச்சர், கொல்லர் பட்டறைகளுமே முதன்மை பெற்றன. சமையற்கட்டில் நின்றவர் யார், தோட்டத்தைக் கொத்தியவர் யார் என்பது பேசப்படவில்லை. 1979 முதலே கறுப்பின விளக்குநர் அவ்வாழ்வை எடுத்துரைக்கத் தொடங்கினர். 1994இல் அடிமை ஏலமொன்று நடித்துக் காட்டப்பட்டபோது, துயரம் வேடிக்கையாக்கப்படுகின்றதென்று கறுப்பின உரிமை அமைப்பினர் எதிர்த்தனர். அவ்வேலத்தை ஒழுங்குசெய்தவர்களும் கறுப்பின ஊழியர்களே. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைக் காட்டாது விடுவதும் தவறு. காட்டும் முறையில் பிழைப்பதும் தவறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

1947இல் நிறுவப்பட்ட பிளிமத் குடியேற்ற நூதனசாலையும் இவ்வகையில் படிப்பினை தருவது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியோரின் ஊரைக் காட்டுவதற்காகவே அது அமைக்கப்பட்டது. அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்த வாம்பனோவாக் பழங்குடியினரின் குடியிருப்பு 1970களிலேயே அங்கு உரிய இடம் பெற்றது. அம்மக்கள் அந்நிலத்துக்கு வழங்கிய பெயரையும் சேர்த்து, 'பிளிமத் பட்டக்செற்' என நூதனசாலை தன் பெயரை மாற்றிக்கொண்டது 2020இலாகும். முன்னோடிக்கும் முன்னோடி ஒருவர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இலங்கை அனுபவம்

இலங்கையில் கிராமிய வாழ்வுக்கென அமைந்தவற்றுள் கொக்கலயிலுள்ள மாட்டின் விக்கிரமசிங்க நாட்டார் நூதனசாலை குறிப்பிடத்தக்கது. இது 1981இல் திறக்கப்பட்டது. எழுத்தாளர் விக்கிரமசிங்க (1890-1976) பிறந்த வீடும் அவ்வளாகத்துள் அடங்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் விமானத்தளம் அமைப்பதற்காகக் கொக்கல மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வீடுகள் பல இடிக்கப்பட, இவ்வீடு தப்பியது. மீன்பிடிக் கருவிகளும், வேளாண்மைக் கருவிகளும், மட்கலங்களும், வண்டிகளும் அங்கு ஒழுங்குறத் தொகுக்கப்பட்டுள்ளன. பொருளைப் பேணும் பணியில் அது முன்மாதிரி எனலாம்.

தேயிலைத் தொழிலின் வரலாறு இரு வேறு நூதனசாலைகளில் இரு வேறு விதமாகச் சொல்லப்படுகின்றது. கண்டிக்கு அண்மையில், அந்தானையில், 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களையும் காணலாம். கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையோ லயன் அறைகளிலேயே அமைந்துள்ளது. அங்கு கூடையும், கவ்வாத்துக் கத்தியும், ஆவணங்களும், தொழிலாளர் வாழ்ந்த அறையின் அளவுமே சான்றுகள். தொழில் ஒன்றே. எனினும் ஓரிடத்தில் முன்னோடி தோட்டத்துரை. மற்றையதில் முன்னோடி காடு வெட்டிய கூலித் தொழிலாளி. எந்தக் கட்டடத்தைத் தெரிவு செய்கின்றோம் என்பதிலேயே வரலாற்றுப் பார்வையும் தெரிவாகிவிடுகின்றது.

கிழக்கிலங்கையில் காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட முஸ்லிம் பாரம்பரிய நூதனசாலை எமது ஆய்வுக்கு மிக நெருக்கமானது. முன்னைய முஸ்லிம்களின் வாழ்வும் தொழிலும் ஆளுயர உருவங்கள் வாயிலாக அங்கு காட்டப்பட்டன. உருவங்களை அமைத்தல் சமய நெறிக்கு ஒவ்வாது என்ற ஆட்சேபமும் எழுந்தது. இவ்விவாதத்துட் புகுவது எமது நோக்கமன்று. எனினும் ஒன்றைச் சுட்டலாம். தறியில் நெசவாளர் ஒருவரே அமர்ந்து நெய்வாராயின் அவ்விடத்தில் உருவம் தேவைப்படாது. அவர் பார்வையாளரின் வினாவுக்கு விடையும் கூறுவார். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை இக்கரையிலேயே உள்ளது.

அம்பாறைக் கரையின் முன்னோடிகள்

இனி அம்பாறைக் கரைக்கு வருவோம். கடலுக்கும் களப்புக்கும் அருகே, பொத்துவிலுக்கு வடக்கே அமைந்தது கோமாரி. கதிர்காமப் பாதயாத்திரிகர் திருக்கோவில் வணங்கி உகந்தைக்குச் செல்லும் வழியில் இவ்வூரைக் கடப்பர். வடக்கே செல்லச் செல்ல அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் தொடர்கின்றன. மேற்கே வயல்வெளிகளும், அவற்றிற்கப்பால் குடியேற்றத் திட்டப் பிரதேசமும் காணப்படும்.

அரச ஏடுகளில் இப்பிரதேசத்தின் முன்னோடிகள் எனப்படுவோர் பெரும்பாலும் கல்லோயாக் குடியேற்றவாசிகளே. பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் 1949இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையைப் பின்பற்றி கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பிற மாவட்டங்களின் நிலமற்ற சிங்கள விவசாயிகள் பெருந்தொகையினராகக் குடியேற்றப்பட்டனர். 1956 யூனில் இப்பள்ளத்தாக்கில் மூண்ட இனக்கலவரத்தில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று.

ஆயின் ஆற்றின் கீழ்ப்பகுதி 1949இல் வெறுங்காடாக இருக்கவில்லை. ஆளுநர் ஹென்றி வாட் காலத்திலேயே (1855-60) இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. கரையோரத் தமிழ், முஸ்லிம் உழவர் வட்டைகளில் நெல் விளைவித்தனர். வட்டவிதானைமார் நீர்ப் பங்கீட்டைக் கவனித்தனர். மேற்கே காடுகளில் வேடர் வாழ்ந்தனர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் ஹெனபெத்த முதலிய இடங்களில் அவர்கள் வாழ்ந்த முறையைப் பதிவு செய்துள்ளது. அவர்கள் வேட்டையாடிய நிலங்களிற் பலவற்றை நீர்த்தேக்கம் மூழ்கடித்தது. கனடாவில் சென் லோரன்ஸ் ஆற்றுத் திட்டத்தால் 1958இல் ஊர்கள் மூழ்கியபோது, அங்கிருந்து பெயர்த்தெடுத்த கட்டடங்களையும் சேர்த்து 1961இல் முன்னோடிக் கிராம நூதனசாலையொன்று நிறுவப்பட்டது. கற்குகையில் வாழ்ந்து காட்டையே களஞ்சியமாகக் கொண்டோரிடம் பெயர்த்தெடுத்து வைப்பதற்குக் கட்டடம் எதுவும் இருக்கவில்லை.

மறுபுறம், குடியேற்றவாசியும் எம்மால் இகழப்படத்தக்கவன் அல்லன். திட்டம் அரசினுடையது, காட்டைத் திருத்தியும் யானையோடு போராடியும் நிலத்தைப் பண்படுத்திய உழைப்போ வறிய விவசாயியினுடையது. எனவே யார் முந்தியோர் என்ற வரிசையை அடிப்படையாகக் கொள்ளும் நூதனசாலை, எவரைத் தொடக்கமாகக் கொள்ளினும், மற்றையோரை வந்தேறிகளாக்கிவிடும். உழைப்பை அடிப்படையாகக் கொள்வதே வரலாற்றுக்கு இயைந்தது என்பது எமது துணிபு. வேடரின் தேனெடுப்பும், கரையூரவரின் கரைவலையும், தமிழ், முஸ்லிம் உழவரின் வயலும், குடியேற்றவாசியின் வாய்க்காலும் ஒன்றையொன்று மறுக்காது நிற்கக்கூடியவை. இவ்வாறு கூறுவதால் காணிப் பிணக்குகளை மூடிமறைத்தல் ஆகாது. எந்த நிலம் எப்போது எவரிடமிருந்து எவருக்குக் கைமாறியது என்பதும் அங்கேயே சொல்லப்படல் வேண்டும்.

நடத்தும் முறை

இக்கோட்பாடு நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது வீடு. இக்கரையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடி முறை நிலவுகின்றது. பெற்றோர் கட்டும் வீடு சீதனமாக மகளுக்குச் சேரும். மணமகன் அவ்வீட்டிற்கே வந்து வாழ்வான். 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆகவே இங்கு எழுப்பப்படும் வீட்டை, மேனாட்டு முன்னோடி நூதனசாலைகளிற் போன்று குடும்பத்தலைவனின் வீடாகக் காட்டுதல் பிழையாகும். அது பெண்ணின் வீடு. அதனை விளக்குபவரும் பெண்ணாக இருத்தலே பொருத்தம். மண்சுவருக்குச் சாணமிடுவதும், பன்பாய் இழைப்பதும், உரலில் நெல் குற்றுவதும் பெண்களின் உழைப்பாகவே இருந்தன.

இரண்டாவது வயல். போடியாரின் வெற்றிலை வட்டாவையும் குத்துவிளக்கையும் பேணுதல் எளிது. அவை பித்தளையால் ஆனவை. வயற்காரனின் கோவணமும் மண்வெட்டிப் பிடியும் எஞ்சுவதில்லை. அவன் பெற்ற முற்பணமும், அறுவடையின்பின் களத்திலேயே நெல்லாகக் கழிக்கப்பட்ட கடனும் கண்ணுக்குத் தெரியாதவை. எனவே களத்தில் சூடு மிதித்துக் காட்டுவதோடு நில்லாது, பொலி பங்கிடப்படும் கணக்கையும் பார்வையாளர் முன் அளந்து காட்டுதல் வேண்டும். போடியாருக்கு எத்தனை மரைக்கால், முல்லைக்காரனுக்கு எத்தனை, வயற்காரன் வீட்டுக்குக் கொண்டுசென்றது எத்தனை என்பதைக் கண்ணாற் கண்ட மாணவனுக்கு நிலவுடைமை உறவு பற்றித் தனியாக விரிவுரை தேவைப்படாது.

மூன்றாவது பருவம். பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு நாடி வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில் வருவர். பெரும்போக வேளாண்மையோ ஐப்பசியை ஒட்டி விதைத்து மாசி, பங்குனியில் அறுக்கப்படுவது. பயணிகளின் காலத்தில் அறுவடையைக் காட்ட முயன்றால் அது நாடகமாகும். வேளாண்மையின் காலத்தைப் பின்பற்றினால் வருமானம் குறையும். எமது கருத்தில் பெரும்போகப் பருவத்தைப் பாடசாலை மாணவருக்கு உரியதாக்கி, பயணிகளின் காலத்தில் நெசவு, பாய், வலை, கட்டடத் திருத்தம் முதலியவற்றை நடத்துதல் நன்று. கிடுகுக் கூரையை ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியிருப்பதால் வீடு வேய்தலே ஆண்டுதோறும் நிகழும் பாடமாகிவிடும். வைக்கோல் வேண்டுமெனில் உயர்ந்து வளரும் பழைய நெல்லினங்களைப் பயிரிடல் வேண்டும். இக்காலக் குட்டை இனங்கள் அதற்கு உதவா.

நான்காவது, அனைத்தினும் முதன்மையானது, நடத்துவோரின் நிலை. செய்துகாட்டுபவர் காட்சிப்பொருள் அல்லர், ஆசிரியர். அவருக்கு உரிய ஊதியமும், எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது என்று தீர்மானிக்கும் சபையில் இடமும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், இடிக்கப்படவிருந்த பழைய வீடுகள் பெயர்த்துக் கொணரப்பட்டு நிறுவப்பட்டுள்ளதோடு, கைவினைஞர் அங்கேயே தொழில் செய்து விற்பதற்கும் வாய்ப்புண்டு. அம்முறை பயனுடையதே. எனினும் விற்பனையோடு அமையாது நிருவாகத்திலும் பங்கு கிடைக்கும்போதுதான் நூதனசாலை தொழிலாளருடையதாகும். இருமொழி மாணவரும் வருமிடமாதலால் விளக்கம் தமிழிலும் சிங்களத்திலும் நிகழ்தல் அவசியம்.

காலத்தின் நெருக்கடி

இவற்றைச் செய்வதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இக்கரையின் மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தது. 2004 டிசெம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கோமாரி தொடக்கம் மருதமுனை வரை கடலோர வீடுகளோடு பெட்டகங்களும், உறுதிகளும், நிழற்படங்களும் அழிந்தன. வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியதும் சூடு வைப்பதும் மிதிப்பதும் அருகின. களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கித் தனிச்சொற்களால் பேசும் வழக்கமொன்று இப்பிரதேசத்து உழவரிடையே இருந்தது. களம் மறைந்தால் அம்மொழிக்கு வழங்குமிடம் இல்லை. அகராதி அதன் சொற்களைக் காக்கலாம். எந்த வேளையில், எத்தகைய குரலில் அவை கூறப்பட்டன என்பதை முதியோர் மட்டுமே அறிவர்.

வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூல் இப்பிரதேச வாழ்வைத் தொகுத்தளித்த பெரும்பணியாகும். நூல் செய்த பணியை நிலத்தின்மீது தொடர்வது இத்தலைமுறையின் கடமை. அதற்குப் பெருங்கட்டடம் முதற்தேவை அன்று. ஒரு வீடு, ஒரு வட்டை வயல், ஒரு தறி, ஒரு வலை, இவற்றைக் கையாளத் தெரிந்தோர் சிலர், அவர்களிடம் கற்க முன்வரும் இளைஞர் ஆகியோர் போதும். முன்னோடி யார் என்ற வினாவோடு இங்கு வரும் மாணவன், நிலத்தை விளைவித்தவர் யார், விளைவைக் கொண்டுசென்றவர் யார் என்ற வினாக்களோடு திரும்பிச் செல்வானாயின், அந்நூதனசாலை தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம்.