சில நூறு பிரதிகள்

காரைக்காலிலிருந்து நாகூர் நோக்கிச் செல்லும் வழியில், காளமேகப் புலவரின் வசையால் மண்மாரி பெய்ததென்று கர்ணபரம்பரையாகச் சொல்லப்படும் திருமலைராயன்பட்டினத்திற்கு அருகே உள்ள போலகத்தை, தொழில் வளர்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தோடு சேர்த்தே இன்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து வடக்கே அரசலாற்றையும் நண்டலாற்றையும் கடந்து ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய பொறையாறும் தரங்கம்பாடியும், எழுத்து வார்த்தல், காகிதம் செய்தல், அச்சிடுதல் ஆகிய நூலாக்கத்தின் அங்கங்கள் யாவும் ஒரே வட்டாரத்தில் ஒன்றுகூடிய இடங்களாக முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளங்கின என்பதும், அந்த முயற்சி முழுவதும் சொற்பப் பிரதிகளை எப்படியேனும் ஆக்கிவிட வேண்டுமென்ற தவிப்பிலிருந்தே பிறந்தது என்பதும் இந்தக் கரையோரத்தாராலேயே பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன.

அச்சு வருமுன், வேண்டியவர் கேட்ட பொழுது வேண்டிய நூலை ஒரு பிரதியாக எழுதிக் கொடுக்கும் ஏடெழுதுவோர் இருந்தார்கள். தேவைக்கு மிஞ்சிய பிரதி என்ற ஒன்று அவர்கள் அறியாதது. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்கு, அத்தகைய எழுத்தரைச் சம்பளத்திற்கு அமர்த்தியும், மறைந்த வித்துவான்களின் வீடுகளில் கவனிப்பாரற்றுக் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கியும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்க் கிரந்தங்களைத் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஒரு விவரப் பட்டியலும் எழுதினார். தாம் எழுதியவற்றைப் பலரிடம் கொண்டு சேர்க்க ஏட்டுப் பிரதி போதாதென்று அவர் உணர்ந்தபோதுதான் அச்சியந்திரத்தின் கதை தொடங்குகிறது.

அந்த யந்திரம் இவ்விடம் வந்து சேர்ந்த வரலாறே ஒரு துயரச் சரித்திரம். லண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் 1711இல் அனுப்பிய யந்திரத்தையும் அதை இயக்க வந்த யோனாஸ் பிங்க் என்பவரையும் ஏற்றிவந்த கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. விடுபட்டுப் பிரயாணத்தைத் தொடர்ந்த பிங்க் நன்னம்பிக்கை முனைக்கருகே சுரங்கண்டு இறந்துபோக, 1712இல் இயக்குவோர் இல்லாத யந்திரம் மட்டும் கரையேறிற்று. முதலில் போர்ச்சுகீசிய மொழியில் சில சிறு நூல்கள் அச்சாயின. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்தபின்பே தமிழ் அச்சேறியது. இதற்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ முதலாகப் போர்ச்சுகீசியர் தமிழில் சில நூல்களை அச்சிட்டதுண்டு எனினும், அந்த மரபு பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அறுந்துவிட்டமையால், தரங்கம்பாடியில் எல்லாவற்றையும் புதிதாகவே தொடங்க வேண்டியிருந்தது.

ஹாலேயிலிருந்து வந்த எழுத்துக்கள் அளவில் பெரியவை. பெரிய எழுத்து அதிகக் காகிதத்தை விழுங்கும். காகிதமோ கடல்கடந்து வர வேண்டிய பொருள். ஆகவே, புதிய ஏற்பாட்டை அச்சிட முற்பட்டபோது, ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொள்வதென்று துணிந்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியை மூடிவந்த ஈயத் தகடுகளும் இவ்வுலையில் உருகின என்பர். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், எஞ்சிய பகுதி 1715இலும் வெளிவந்தன. அடுத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் ஏற்பட்டது. இன்று ஒரு பதிப்பாளர் ஒரு நூலின் அடக்கவிலையைக் குறைக்க எழுத்தின் அளவையும் தாளின் கனத்தையும் எப்படியெல்லாம் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறாரோ, அந்தக் கணக்கு முழுவதையும் சீகன்பால்கும் அவருடைய தோழர்களும் அன்றே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, அவருடைய சமயத்தைச் சேராத என் போன்றவர்க்கும் உள்ளம் நெகிழ்கிறது. 1719 பிப்ரவரியில் முப்பத்தாறாம் வயதில் அவர் காலமானார்.

ஈய எழுத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரு நூல் முழுவதையும் ஒரே சமயத்தில் கோத்து வைக்கும் அளவுக்கு எழுத்து எந்தச் சிறு அச்சுக்கூடத்திலும் இராது. உயிர்மெய்க் குறிகள் மிகுந்த தமிழில் இந்தச் சிரமம் இன்னும் அதிகம். எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்ட ஒரு பாரத்தைக் கோத்து, புரூப் பார்த்து, வேண்டிய தாள்களையெல்லாம் அடித்து முடித்து, எழுத்துக்களைப் பிரித்து அதனதன் அறையில் போட்ட பிறகே அடுத்த பாரத்திற்கு எழுத்துக் கிடைக்கும். ஆதலால் எத்தனை பிரதி என்பதை முதல் தாள் யந்திரத்தில் ஏறுமுன்பே நிச்சயித்தாக வேண்டும். பின்னர் நூறு பிரதி கூடுதலாக வேண்டுமென்றாலோ மீண்டும் முதலிலிருந்தே கோக்க வேண்டும்.

1835இல் சட்டம் தளர்ந்து சுதேசிகளும் தாராளமாக அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழி பிறந்தபின், தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் இந்த இக்கட்டுக்குக் கண்ட பரிகாரம் கையொப்பம். நூல் அச்சாகுமுன்பே அபிமானிகளிடம் கையொப்பம் வாங்கி, அந்தத் தொகையைக் கொண்டு காகிதம் வாங்கும் இம்முறையின் துணையோடுதான் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். இதற்கு நேர்மாறான கனவொன்றைக் கண்டவர் பாரதியார். பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலமாய் வாழ்ந்தபோது, 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்ட அவர், 1920இல் கடையத்திலிருந்தபோது தம் எழுத்தையெல்லாம் 40 நூல்களாக்கி ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் வகுத்து நண்பர்களுக்கு எழுதினார். அது நிறைவேறவில்லை; மறு ஆண்டே அவர் மறைந்தார்.

பிற்காலத்தில் ஆப்செட் முறை வந்து, 1,200 பிரதி என்பது தமிழ் நூலின் வழக்கமான அளவாக நிலைபெற்றது. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த நூலகங்களின் ஆணை கிடைத்தால் பதிப்பாளர் பிழைத்தார்; கிடைக்காத ஆண்டுகளில் கட்டுக்கள் கிடங்கில் கரையானுக்கு இரையாயின. இப்போது டிஜிட்டல் யந்திரத்திற்குப் பிளேட்டும் வேண்டாம், பிரித்துப் போட எழுத்தும் இல்லை. ஐம்பது பிரதி அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் ஒரு பிரதிக்காகும் செலவில் பெரிய வேறுபாடு இராது. சென்ற மாதம் விற்றுத் தீர்ந்ததை இந்த மாதம் முப்பது பிரதியாக அடித்து, முதுகில் பசையிட்டு உறையேற்றித் தந்துவிடுகிறார்கள்.

இதை நூலின் வீழ்ச்சி என்று வருந்துவோருடன் என்னால் உடன்பட முடியவில்லை. வருந்தத்தக்கது வேறொன்று: புரூப் பார்க்கும் பிரயாசை குறைந்துபோனது. கையொப்பக்காரர் சில நூற்றுவருக்காக அச்சிட்ட காலத்திலும், நூலின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றைச் சேர்க்காமல் விடப் பதிப்பாசிரியர்களுக்கு மனம் வந்ததில்லை. குறைந்த பிரதி அடிக்கும் இக்காலத்திலோ பிழை கண்டால் அடுத்த முப்பது பிரதியில் திருத்திக்கொள்ளலாமென்ற வசதியிருந்தும் பலர் திருத்துவதில்லை. போலகத்தையும் திருமலைராயன்பட்டினத்தையும் சுற்றியுள்ள ஊர்களின் தலபுராணங்களும், இக்கரையோரத்து முஸ்லிம் புலவர்களின் கிரந்தங்களும் மறுபதிப்பின்றிக் கிடக்கின்றன. அவற்றை விரும்பி வாங்குவோர் இருநூறு பேருக்கு மேல் இரார். இன்றைய யந்திரத்திற்கு அந்த இருநூறு போதும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பரிசோதித்துத் தரும் ஒருவரைத்தான் இனித் தேட வேண்டும்.