கோஷா ஆஸ்பத்திரி

சென்னைத் திருவல்லிக்கேணியின் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்பர். ‘கோஷா’ பாரசீகச் சொல். மூலை, ஒதுக்கிடம் என்பது பொருள். பர்தா பேணிய பெண்டிரை அது குறித்தது.

அந்நிய ஆடவர் பார்வைக்கு அஞ்சி, பேறுகாலத்தில் மருத்துவமின்றி மடிந்த தாய்மார் அன்று பலர். அந்நிலை கண்டு வருந்திய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் எழுந்ததே இம்மருத்துவமனை. சாதி ஆசாரம் பேணிய ஹிந்துப் பெண்டிருக்கும் அதில் இடமிருந்தது.

இங்கு ஒன்று கூற வேண்டும். உயிருக்கு ஆபத்தெனில், பெண் மருத்துவர் கிடைக்காதபோது, ஆண் மருத்துவரும் பார்க்கலாம் என்பதே நம் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அத்தாய்மாரைத் தடுத்தது ஷரீஅத் அன்று. அதன் பெயரால் நாம் வளர்த்த வழக்கம். ஆயினும் அம்மாது அவ்வழக்கத்தோடு வாதிட்டுக் காலங்கழிக்கவில்லை. அவர்கள் நாணத்துக்கேற்ப மருத்துவமனையையே அமைத்தார்.

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனிக்குச் செல்லும் நம் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி செல்லத் தயங்குவதில்லை. அங்கே ஒரு திரை கேட்கத்தான் தயங்குகின்றனர். நடுவண் அரசு 2017இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமோ, அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் தாய்க்கு மறைப்பும் மரியாதையும் துணையாளும் வேண்டும் என்கிறது. இதை வீட்டுப் பெரியவர்களே அவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம்.