சிங்ஙம் பத்து, வெள்ளிக்கிழமை

சேரம்பாடியில் ஒரு குடும்பத்தார் தகரப் பெட்டியில் வைத்திருந்த பாட்டச் சீட்டு அது. காப்பி பயிரிட ஜென்மியிடம், அதாவது நில உரிமையாளரிடம், நிலம் குத்தகைக்கு வாங்கியதற்கு மலையாளத்தில் எழுதிக்கொண்டது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் தேதி தப்பியிருந்தது: கொல்லம் 1052, சிங்ஙம் 10, வெள்ளி, சதயம்.

கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் 1876. நான் தயாரிக்கும் ஆவணப் பட்டியலில் அப்படியே ஏற்றிவிடலாம். ஆனால் கிழமை இடித்தது. 1876இல் சிங்ஙம் 10, ஆகஸ்ட் 24, அன்று வியாழன். எழுதியவர் கிழமையைத் தவறவிட்டார் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ராபர்ட் சீவெல்லும் சங்கர் பாலகிருஷ்ண தீட்சித்தும் 1896இல் வெளியிட்ட இந்திய நாட்காட்டி நூல் வழி காட்டியது. தென்மலபாரில் ஆண்டு சிங்ஙத்தில் பிறக்கும், வடமலபாரில் கன்னியில். வடக்கு வழக்கில் சிங்ஙம் கடைசி மாதம். எனவே அங்கே 1052 சிங்ஙம் என்றால் 1877 ஆகஸ்ட்! சேரம்பாடிப் பக்கம் நிலம் வைத்திருந்த நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம் தெற்கைச் சேர்ந்தது. வயநாடோ வடமலபாரின் கோட்டயம் அரசர்களின் நாடு. இரண்டு வழக்குக்கும் நடுவில் கிடக்கிறது சேரம்பாடி.

தீர்ப்புச் சொல்ல நட்சத்திரம் இருந்தது. அதே சூரியத் தேதியில், அடுத்த ஆண்டு சந்திரன் ஏறக்குறைய பத்து நட்சத்திரம் தள்ளி நிற்கும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட காலக்கணித நூலின் முறைப்படி இரண்டு ஆண்டுகளையும் கணக்கிட்டேன். 1876 ஆகஸ்ட் 24: வியாழன், சித்திரை நட்சத்திரம். 1877 ஆகஸ்ட் 24: வெள்ளி, சதயம். அன்று விடியற்காலை முழுச் சந்திரகிரகணம் வேறு. பௌர்ணமியும் சதயமும் பிசகில்லாமல் பொருந்துகின்றன.

மலையோரத்துக் கணக்கர் குறித்த நட்சத்திரத்தை இவ்வளவு நம்பலாமா? நம்பலாம்; அவருக்குப் பஞ்சாங்கக்காரரின் கணக்கே ஆதாரம். 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை நகர்த்தியபடி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திரகிரகணத்தைக் கணித்தார். முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிசகினாலும், தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடந்தான். ஆட்டோ நாய்கபாவர் 1952இல் இந்தக் கணக்கை ஆராய்ந்து, பழைய பாபிலோனிய முறைகளின் சாயலை அதில் கண்டார். ஒரு நாளின் நட்சத்திரத்தைச் சரியாகச் சொல்ல அந்த நுட்பம் தாராளமாகப் போதும்.

இந்த ஓராண்டு வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 1877 மார்ச்சில்தான் சேரம்பாடி அடங்கிய சேரங்கோடு, நம்பலக்கோடு, முன்னநாடு ஆகிய அம்சங்கள் (வருவாய்ப் பிரிவுகள்) மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரிக்கு மாற்றப்பட்டன. 1876 என்றால் சீட்டு மலபாரில் எழுதப்பட்டது; 1877 என்றால் நீலகிரியில். தமிழ்ப் பஞ்சாங்கப்படி முன்னது தாது வருஷம், பின்னது ஈஸ்வர வருஷம். தாதுவின் ஆவணியில், அதாவது சிங்ஙத்தில், சமவெளிக்காரர்கள் இன்னும் மழையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வர வருஷத்து ஆவணியில் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. சமவெளியில் ஜனங்கள் சோற்றுக்கு அலைந்த காலத்தில் இங்கே ஒருவர் காப்பிக்கு நிலம் பிடித்திருக்கிறார். கூலிக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்ற கேள்விகளெல்லாம் இந்தத் தேதி உறுதியான பிறகே எழுகின்றன.

வருவாய்த் துறைக்கு இன்னொரு காலக்கணக்கு உண்டு: ஜூலை முதல் தேதி பிறக்கும் பசலி. 1877 ஆகஸ்ட் 1287ஆம் பசலியில் வருகிறது. மலபார்ப் பதிவுகளைக் கேட்டுக் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை நிறுத்திவிட்டேன். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் புதிதாக எழுதியாகிவிட்டது: நீலகிரி மாவட்டம், சேரங்கோடு அம்சம், பசலி 1287.